தீவை எழுதிய இளவரசர்: லுட்விக் சல்வத்தோரின் வாழ்க்கை

ஊரை இழந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி வாழ்வதில்லை. சிலர் போன இடத்தில் பழைய ஊரைத் தேடியபடியே காலத்தைக் கழிக்கிறார்கள். சிலர் வேறோர் ஊரைத் தங்கள் ஊராக எடுத்துக்கொள்கிறார்கள். பன்னிரண்டு வயது நிறைவதற்கு முன்னரே பிறந்த ஊரை இழந்த ஓர் இளவரசர், பின்னர் மத்தியதரைக் கடலில் ஒரு தீவைக் கண்டு அங்கே குடியேறினார். அந்தத் தீவின் வண்டுகள் தொடக்கம் அங்குள்ள வண்டில்களின் சக்கரங்கள் வரை எல்லாவற்றையும் எழுதி வைத்தார். கடைசியில், அவருடைய சொந்தக் குடும்பமே தொடக்கிய ஒரு போர் அந்தத் தீவுக்குத் திரும்பும் வழியை அடைத்துவிட, தீவை விட்டு மிகத் தொலைவில் இறந்துபோனார்.

அவருடைய பெயர் லுட்விக் சல்வத்தோர். ஒஸ்திரியப் பேரரசை ஆண்ட ஹப்ஸ்பேர்க் வம்சத்தின் ஆர்ச்டியூக், அதாவது அரச குடும்பத்து இளவரசர். ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான மயோர்க்காத் தீவில் இன்றும் அவரை முழுப் பெயர் சொல்லி அழைப்பவர்கள் குறைவு. ஆர்ச்டியூக் என்றாலே போதும், யாரைச் சொல்கிறார்கள் என்பது அங்கு எல்லோருக்கும் தெரியும்.

புளோரன்ஸிலிருந்து வெளியேற்றம்

1847 ஓகஸ்ட் 4ஆம் திகதி இத்தாலியின் புளோரன்ஸ் நகரிலுள்ள பிட்டி அரண்மனையில் அவர் பிறந்தார். தந்தை இரண்டாம் லியோபோல்ட், தஸ்கனிப் பகுதியை ஆண்ட பெருங்கோமகன். தாய் மரியா அந்தோனியா, நேப்பிள்ஸ் அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். குடும்பத்தின் வேர் ஒஸ்திரியாவில் இருந்தாலும், பிள்ளைகள் புளோரன்ஸில் பிறந்து அந்த ஊரிலேயே வளர்ந்தார்கள்.

அந்தக் காலத்தில் இத்தாலி என்று ஒரு நாடு இருக்கவில்லை. சிறு அரசுகளாகச் சிதறிக் கிடந்த நிலப்பகுதி அது. அவற்றில் பலவற்றின் மீது ஒஸ்திரியாவின் பிடி இருந்தது. ஒரே நாடாக எழ வேண்டும் என்ற எழுச்சி வளர்ந்துகொண்டிருந்தது. 1859 ஏப்ரல் 27ஆம் திகதி புளோரன்ஸ் வீதிகளில் மக்கள் திரண்டனர். படையினரும் பெருங்கோமகனின் பக்கம் நிற்கவில்லை. இரத்தம் சிந்தாமலே ஆட்சி முடிந்தது. லியோபோல்ட் தன் குடும்பத்தை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு நகரை விட்டு வெளியேறினார். அவர் மீண்டும் அங்கே ஆளத் திரும்பவில்லை. அடுத்த ஆண்டில் தஸ்கனி புதிய இத்தாலிய அரசோடு இணைந்துவிட்டது.

இத்தாலிய மக்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது ஒரு விடுதலை. அந்தப் பதினொரு வயதுச் சிறுவனுக்கோ வீடும் தோட்டமும் பேசிப் பழகிய மொழியும் ஒரே நாளில் பின்னால் போய்விட்டன. இரண்டும் உண்மை. அவருடைய வாழ்க்கையைப் படிக்கும்போது இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

குடும்பம் பொஹீமியாவுக்குப் போனது. இன்றைய செக் குடியரசில், பிராக் நகருக்கு அருகே எல்பே ஆற்றங்கரையில் உள்ள பிராண்டிஸ் கோட்டையை லியோபோல்ட் 1860இல் வாங்கினார். வெயிலும் ஒலிவ் மரங்களும் உள்ள ஊரிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு அது குளிரும் மூடுபனியுமான இடம். லுட்விக் அங்கேயே படித்தார். மொழிகள் அவருக்கு இலகுவாக வந்தன. இத்தாலிய மொழியும் ஜேர்மன் மொழியும் வீட்டிலேயே இருந்தன. செக் மொழி புதிய ஊரில் சேர்ந்தது. பின்னாளில் பத்துக்கு மேற்பட்ட மொழிகள் அவருடைய கைக்குள் இருந்தன.

அரச குடும்பத்து ஆண்பிள்ளைகள் வழக்கமாகப் படையில் சேர்ந்து தளபதி ஆவார்கள். அல்லது வியன்னா அரண்மனையில் ஒரு பதவியில் அமர்வார்கள். லுட்விக் இரண்டையும் நாடவில்லை. பூச்சிகளும் செடிகளும் கடலும் மனிதர்களின் வேலைக் கருவிகளும் அவரை இழுத்தன.

வண்டு தேடி வந்தவர்

1867இல், இருபது வயதில், அவர் பலேரிக் தீவுகளுக்கு முதன்முறையாகப் போனார். ஸ்பெயினின் கிழக்குக் கரைக்கு அப்பால் உள்ள தீவுக் கூட்டம் அது. மயோர்க்கா, மெனோர்க்கா, இபிசா, போர்மென்தெரா என்பன அதன் பெரிய தீவுகள். இளவரசர் என்ற அடையாளத்தை மறைத்து, நொய்டோர்ஃப் பிரபு என்ற பெயரில் அவர் பயணம் செய்தார். பட்டத்தைச் சொன்னால் ஆளுநர்கள் விருந்து வைப்பார்கள், ஊர்ச் சனங்கள் ஒதுங்கி நிற்பார்கள். அப்படியிருந்தால் எதையும் அறிய முடியாது.

முதலில் அவர் கையில் எடுத்தது வண்டுகளை. பலேரிக் தீவுகளின் வண்டினங்கள் பற்றிய அவருடைய சிறு நூல் 1869இல் வெளிவந்தது. ஆனால் வண்டைத் தேடிப் புதருக்குள் குனிந்தவர், அந்தப் புதரின் பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த மனிதரையும் கண்டார். அவர் பிடித்திருந்த மண்வெட்டியைக் கண்டார். அதற்கு அந்த ஊரில் என்ன பெயர் என்று கேட்டார். பூச்சியியல் நூலாகத் தொடங்கிய வேலை அப்படியே ஒரு தீவுக் கூட்டத்தின் முழுக் கணக்கெடுப்பாக வளர்ந்தது.

இதற்கு அவர் ஒரு முறையை வைத்திருந்தார். நீண்ட வினாக்கொத்து ஒன்றைத் தயாரித்து அச்சிட்டார். காலநிலை, மண், செடி, விலங்கு, பயிர், மீன்பிடி, வீடு, உடை, உணவு, திருமணம், மரணம், விளையாட்டு, நம்பிக்கை என்று பகுதி பகுதியாகக் கேள்விகள். அவற்றைப் பாதிரியார்களிடமும் வைத்தியர்களிடமும் ஆசிரியர்களிடமும் அலுவலர்களிடமும் கொடுத்து விடைகளை வாங்கினார். பின்னர் தானே ஊர் ஊராகப் போய்ப் பார்த்தார். கையோடு கொண்டுபோன கொப்பியில் பேனையால் படம் வரைந்தார். அந்தப் படங்களைப் பிராக் நகரிலிருந்த மரச்செதுக்குக் கைவினைஞர்கள் அச்சுக்கட்டைகளாக்கினார்கள்.

இதன் விளைவுதான் சொற்களிலும் படங்களிலும் பலேரிக் தீவுகளை விவரிக்கும் அவருடைய பெருநூல். ஜேர்மன் மொழியில், ஜேர்மனியின் லைப்சிக் நகரில், 1869 முதல் 1891 வரை இருபத்திரண்டு ஆண்டுகளில் ஏழு தொகுதிகளாக அது வெளிவந்தது. முதல் தொகுதி இபிசாவையும் போர்மென்தெராவையும் பற்றியது. தன் பெயரை முன்னே நீட்டிக்கொள்ளும் பழக்கம் அவரிடம் இருக்கவில்லை. பல நூல்களைத் தன் செலவில், குறைந்த படிகளில் அச்சிட்டு, அறிஞர்களுக்கும் நூலகங்களுக்கும் நண்பர்களுக்கும் அன்பளிப்பாகக் கொடுத்தார்.

அந்த நூலைத் திறந்தால் ஒரு மீன்பிடி வலையின் வகைகள் இருக்கும். ஒலிவ் எண்ணெய் ஆட்டும் செக்கின் படம் இருக்கும். வீட்டின் அறைகள் எப்படி ஒழுங்கு செய்யப்பட்டிருந்தன, அடுப்பு எங்கே இருந்தது, கிணற்றில் நீர் இறைக்கும் முறை என்ன என்ற விவரங்கள் இருக்கும். அரசர்களும் போர்களும் நிறைந்த வரலாற்று நூல்கள் ஐரோப்பாவில் ஏராளம். ஒரு கமக்காரரின் அடுப்புக்கு அத்தனை பக்கங்கள் கொடுத்த நூல்கள் அந்தக் காலத்தில் குறைவு.

மிராமார்

1872இல் மயோர்க்காவின் வடமேற்குக் கரையில் மிராமார் என்ற வளவை அவர் வாங்கினார். வல்டெமோசா, டெயா என்ற இரு மலைக் கிராமங்களுக்கு இடையே, ட்ராமுந்தானா மலைத்தொடர் நேராகக் கடலுக்குள் இறங்கும் இடம் அது.

மிராமாருக்கு ஒரு பழைய கதை உண்டு. 1276இல் மயோர்க்காவின் பெரும் சிந்தனையாளர் ரமொன் லுய் அங்கே ஒரு மடத்தை நிறுவினார். துறவிகள் அரபு மொழியைக் கற்று முஸ்லிம்களோடு அவர்களுடைய மொழியிலேயே சமயம் பேச வேண்டும் என்பது அவருடைய நோக்கம். தீவின் முதல் அச்சுக்கூடமும் 1485இல் மிராமாரில்தான் இயங்கியது. லுட்விக் வாங்கியபோது அங்கே பெரும்பாலும் இடிபாடுகளே எஞ்சியிருந்தன. அவர் அவற்றை இடித்துத் தள்ளிவிட்டு மாளிகை கட்டவில்லை. மிஞ்சியிருந்த கற்களைக் காப்பாற்றினார், கட்டடத்தைத் திருத்தினார், லுய்யின் நினைவாக ஒரு சிற்றாலயம் எழுப்பினார்.

பின்னர் அயலில் இருந்த காணிகளை ஒவ்வொன்றாக வாங்கினார். சொன் மரோய்ச், எஸ்தாக்கா, சொன் மொராகெஸ், சொன் கய்யார்ட் என்று வளவுகள் சேர்ந்தன. இரண்டு கிராமங்களுக்கும் இடைப்பட்ட கரையின் பெரும்பகுதி அவருடைய பெயரில் உறுதி எழுதப்பட்டது. சொன் மரோய்ச்சின் கீழே கடலுக்குள் நீண்டு கிடக்கும் போரதாதா என்ற பாறையில் இயற்கையாகவே ஒரு பெரிய துளை உண்டு. அந்த வளவுக்கு அதிக விலை கொடுத்துவிட்டாரே என்று யாரோ கேட்டதற்கு, அந்தத் துளைக்கு மட்டுமே அந்த விலை தகும் என்று அவர் பதில் சொன்னதாகத் தீவில் ஒரு கதை இருக்கிறது. கதை உண்மையோ இல்லையோ, அவருடைய மனத்தை ஊரவர்கள் எப்படி விளங்கிக்கொண்டார்கள் என்பதை அது சொல்கிறது.

வாங்கிய காணிகளில் அவர் வைத்த முதல் விதி மரம் வெட்டக்கூடாது என்பது. வேட்டையும் கூடாது. பட்ட மரம்கூட விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும் என்று விட்டாராம். வெட்டப்படவிருந்த பழைய ஒலிவ் மரங்களைக் காணிக்காரரிடம் விலை கொடுத்து வாங்கி நிற்க விட்டதாகவும் சொல்வார்கள். நூற்றுக்கணக்கான ஆண்டுகள் நின்று முறுகித் திருகிய அந்த ஒலிவ் மரங்களை அவர் ஒவ்வொன்றாக வரைந்தார்.

மலை முகட்டில் கல் அடுக்கிப் பாதைகள் போட்டார். கடல் தெரியும் இடங்களில் சிறிய பார்வை மேடைகளைக் கட்டினார். வழிப்போக்கர்களுக்கென ஒரு விடுதியும் வைத்தார். எந்த நாட்டவராக இருந்தாலும், ஏழையோ பணக்காரரோ, மூன்று நாட்கள் அங்கே இலவசமாகத் தங்கலாம். காணியை வாங்கியவர் முதலில் வேலி போடுவதுதான் உலக வழக்கம். இவர் பாதை போட்டார். அவர் பெயரால் வழங்கும் முகட்டுப் பாதையில் இன்றும் மக்கள் நடக்கிறார்கள்.

ஆனால் இதில் இன்னொரு பக்கமும் உண்டு. அந்த மலைகளில் காட்டு மரத்தைச் சுட்டுக் கரியாக்கி விற்றுப் பிழைத்த குடும்பங்கள் இருந்தன. அவர்களுக்கு மரம் என்பது அடுப்பும் சோறும். வருமானத்துக்கு மரத்தை நம்பியிராத ஒருவரால்தான் அதை வெட்டாதே என்று சொல்ல முடியும். லுட்விக்கின் பணம் பேரரசின் குடும்பச் சொத்திலிருந்து வந்தது. அதாவது ஒஸ்திரியப் பேரரசின் குடிகளுடைய உழைப்பிலிருந்து வந்தது. அவருடைய வளவுகளில் பலருக்கு வேலை கிடைத்தது, பாதை கட்டவும் தோட்டம் பார்க்கவும் கூலி கிடைத்தது என்பதும் உண்மைதான். என்றாலும், இயற்கையை நேசிக்கும் வசதி எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை என்பதை இந்த வாழ்க்கை தெளிவாகக் காட்டுகிறது.

கிழிந்த கோட்டு

அவருடைய தோற்றம் பற்றிய கதைகள் மயோர்க்காவில் நிறைய உண்டு. பழைய, நிறம் போன உடைகளையே அணிவார். பார்ப்பவர்கள் அவரைத் தோட்டக்காரர் என்றோ சமையற்காரர் என்றோ நினைப்பார்கள். ஒருநாள் வண்டில்காரர் ஒருவருக்குக் கைகொடுத்து உதவியபோது, அவர் இவரைக் கூலியாள் என்று நினைத்து ஒரு நாணயம் கொடுத்தாராம். வாழ்க்கையில் உழைத்துப் பெற்ற முதல் காசு அது என்று இளவரசர் மகிழ்ந்தாராம். பல தடவை சொல்லப்பட்டு மெருகேறிய கதை இது.

அவர் மணம் முடிக்கவில்லை. அவரைச் சுற்றி எப்போதும் ஒரு கலவையான கூட்டம் இருந்தது. பொஹீமியர், இத்தாலியர், மயோர்க்காவினர், வேறு கரைகளைச் சேர்ந்தவர்கள் என்று செயலாளர்களும் மாலுமிகளும் வேலையாட்களும். 1872இல் வாங்கிய நிக்ஸே என்ற நீராவிப் படகு அவருடைய இரண்டாவது வீடு. மனிதர்களோடு நாய்களும் குரங்குகளும் பறவைகளும் அதில் பயணம் செய்தன. ஆண்டின் பல மாதங்கள் அந்தப் படகிலேயே கழிந்தன.

பொஹீமியாவிலிருந்து வந்த விரதிஸ்லாவ் விபோர்னி என்ற இளம் செயலாளர் 1877இல் மயோர்க்காவில் இறந்துபோனார். லுட்விக் அவருக்காக மிராமாரில் வெண்பளிங்கு நினைவுச் சின்னம் ஒன்றை வைத்தார். ஒரு செயலாளருக்கு இளவரசர் ஒருவர் அத்தகைய நினைவுச் சின்னம் வைப்பது அந்தக் காலத்தில் பேச்சுக்கு இடமானது.

கத்தலீனா ஓமார் என்ற பெண்ணையும் அதிகம் பேசினார்கள். வல்டெமோசாவின் தச்சர் ஒருவரின் மகள் அவர். 1869இல் பிறந்தவர். படிப்பு வாசனை இல்லாத வீட்டிலிருந்து வந்து, லுட்விக்கின் வட்டத்தில் எழுதப் படிக்கக் கற்று, எஸ்தாக்கா வளவின் முழுப் பொறுப்பையும் ஏற்றார். அங்கிருந்த முந்திரிகைத் தோட்டங்களும் வைன் உற்பத்தியும் அவருடைய கையில் நடந்தன. ஆட்களை வைத்து வேலை வாங்கினார், கணக்குப் பார்த்தார். புனித பூமி வரை கடற்பயணம் செய்தார். ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு அந்தக் காலத்தில் கற்பனைக்கும் எட்டாத வாழ்க்கை அது. இருவருக்கும் இடையே என்ன உறவு என்று ஊர் பேசியது. 1905இல் கடும் நோயால் அவர் இறந்தார். அதே ஆண்டில் லுட்விக் அவருடைய பெயரையே தலைப்பாக வைத்து ஒரு சிறு நூல் எழுதினார். பேரரசர்களின் உறவினர் ஒருவர், தச்சர் மகளின் வாழ்க்கை வரலாற்றை எழுதி அச்சிட்டார் என்பது இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

பட்டம் என்ற சுமை அந்தக் குடும்பத்தில் அவரை மட்டும் அழுத்தவில்லை. தம்பி ஜொஹான் சல்வத்தோர் 1889இல் எல்லாப் பட்டங்களையும் துறந்து ஜொஹான் ஓர்த் என்று பெயர் மாற்றிக்கொண்டார். அடுத்த ஆண்டு தென்னமெரிக்காவின் தென்முனைக் கடலில் கப்பலோடு காணாமற் போனார். அவருடைய உடல் கிடைக்கவே இல்லை. வியன்னா அரண்மனையில் இருப்புக் கொள்ளாத இன்னொருவர் பேரரசி எலிசபெத். அவர் மயோர்க்காவுக்கு வந்து லுட்விக்கைச் சந்தித்துப் போனார். 1898இல் ஜெனீவாவில் அவர் குத்திக் கொல்லப்பட்டார்.

தீவுகள் தோறும்

மயோர்க்காவோடு அவர் நின்றுவிடவில்லை. சிசிலிக்கு வடக்கேயுள்ள லிபாரித் தீவுகளைப் பற்றி 1893 முதல் 1896 வரை எட்டுத் தொகுதிகள் எழுதினார். ஏழு தீவுகளுக்கு ஒவ்வொன்று, பொதுவாக ஒன்று. கிரேக்கக் கடலில் பக்சோஸ், சாந்தே, ஸ்பெயினுக்கு அருகே கொலும்பிரெட்டெஸ், ஆபிரிக்கக் கரைக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே அல்போரான் என்று யாரும் கவனிக்காத சிறு தீவுகளைத் தேடிப் போனார். சைப்பிரஸின் தலைநகர் பற்றி 1873இல் எழுதினார். எகிப்திலிருந்து சிரியாவுக்குச் செல்லும் ஒட்டகக் கூட்டங்களின் பாதையைப் பற்றி 1879இல் ஒரு நூல். அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் சிறு பட்டினமாக இருந்த காலத்தில் அங்கே ஒரு குளிர்காலத்தைக் கழித்து, 1878இல் அதைப் பற்றியும் எழுதினார்.

1893இல் நிக்ஸே படகு அல்ஜீரியாக் கரைக்கு அருகே பாறையில் மோதி உடைந்தது. அந்த அனுபவத்தையும் அடுத்த ஆண்டு ஒரு நூலாக்கினார். பின்னர் வேறொரு படகை வாங்கி அதற்கும் நிக்ஸே என்றே பெயர் வைத்தார்.

அவருடைய புகழ் எழுத்தாளர்களையும் எட்டியது. பிறெஞ்சு நாவலாசிரியர் யூல் வேர்ண் பலேரிக் தீவுகளைக் களமாக வைத்து எழுதிய நாவலில் இவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். பிரான்ஸைச் சேர்ந்த குகை ஆய்வாளர் எத்வார் மார்த்தெல் 1896இல் மயோர்க்காவின் டிராக் குகைகளை ஆராய்வதற்கும் லுட்விக் துணைநின்றார். அப்போது கண்டறியப்பட்ட நிலத்தடி ஏரி இன்றும் மார்த்தெலின் பெயரால் வழங்குகிறது.

1895இல் மயோர்க்காவின் நாட்டார் கதைகளைத் தொகுத்து வெளியிட்டார். தீவு மக்கள் பேசிய கத்தலான் மொழியிலேயே அந்தக் கதைகள் அச்சாகின. பள்ளியிலும் அலுவலகத்திலும் ஸ்பானிய மொழியே செல்லுபடியான காலம் அது. பாட்டிமார் சொல்லும் கதைகளை, அவர்கள் சொல்லும் மொழியில் அச்சேற்ற வேண்டும் என்று நினைத்தது சிறிய காரியம் அல்ல.

எழுதியதற்குப் பின் அழிந்தவை

அவர் எழுதி முடித்த காலமும் ஒரு தற்செயல் போல அமைந்தது. பெருநூலின் கடைசித் தொகுதி 1891இல் வெளிவந்தது. அதே ஆண்டில் முந்திரிகைக் கொடியின் வேரைத் தின்னும் பிலொக்சேரா என்ற நுண்பூச்சி மயோர்க்காவுக்குள் புகுந்தது. தீவின் முந்திரிகைத் தோட்டங்கள் பாழாயின. பிழைப்பிழந்த குடும்பங்கள் பிரான்ஸுக்கும் தென்னமெரிக்காவுக்கும் கப்பலேறின. 1902இலிருந்து பல்மா நகரைச் சுற்றியிருந்த பழைய மதில்கள் இடிக்கப்பட்டன. அடுத்த நூற்றாண்டில் உல்லாசப் பயணத்துறை வந்து கரையோரத்தை முற்றாக மாற்றியது.

மதில்கள் இடிபடுவதற்கு முன்னிருந்த பல்மாவை, கொடிகள் பட்டுப்போவதற்கு முன்னிருந்த தோட்டங்களை, கிராமத்து வீடுகளின் உட்புறத்தை இன்று அறிய விரும்புபவர்கள் அவருடைய தொகுதிகளைத் தேடிப் போகிறார்கள். எழுதும்போது அவை எல்லாம் சாதாரண விடயங்கள். அன்றாடம் கண்ணில் படும் கிணறும் கலப்பையும் எதற்கு நூலில் என்று ஊரவர்கள் நினைத்திருக்கவும் கூடும். காணாமற் போன பிறகுதான் அவற்றின் பெறுமதி தெரிந்தது. ஓர் ஊர் அழிந்தால் வீட்டுச் சுவர்களோடு பெயர்களும் போய்விடுகின்றன. ஒழுங்கைக்கு ஒரு பெயர், குளத்தின் மூலைக்கு ஒரு பெயர், வலைக்கும் தோணிக்கும் அவற்றின் பாகங்களுக்கும் தனித்தனிப் பெயர்கள். அவை தெரிந்த கடைசி ஆளும் போனபின் கேட்பதற்கு யாரும் இல்லை. போருக்குப் பின் ஊர் திரும்பி, தன் வளவின் எல்லையைக் கண்டுபிடிக்கத் தடுமாறிய எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

சொந்த வம்சத்தின் போர்

1913இல் அவர் மயோர்க்காவை விட்டுக் கடைசியாகப் புறப்பட்டார். அப்போது அவர் நோயாளி. யானைக்கால் நோயால் கால்கள் வீங்கி, நடப்பதே சிரமமாகியிருந்தது. அட்ரியாட்டிக் கடற்கரையில் திரியெஸ்தே நகருக்கு அருகே அவருக்கு ஒரு வீடு இருந்தது.

1914 ஜூன் மாதம் ஒஸ்திரியப் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பேர்டினன்ட் சரயேவோவில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு மாதத்தில் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் சேர்பியா மீது போர் தொடுத்தார். சில நாட்களில் ஐரோப்பா முழுவதும் தீப்பற்றியது. போர்ப் பிரகடனத்தில் ஒப்பமிட்டவர் லுட்விக்கின் உறவினர். அந்தப் போர்தான் மத்தியதரைக் கடலை அவருக்கு மூடியது. ஒஸ்திரியக் கொடி பறக்கும் படகு ஒன்று அந்தக் கடலில் இனிச் சுதந்திரமாக ஓட முடியாது. போரில் சேராத ஸ்பெயினின் தீவு அங்கேயே இருந்தது. போகும் வழிதான் இல்லை.

அவர் கொரிசியா நகரில் தங்கினார். ஃபிரியூலி மொழியும் ஸ்லோவேனிய மொழியும் இத்தாலிய மொழியும் ஜேர்மன் மொழியும் ஒரே சந்தையில் கேட்கும் எல்லை நகரம் அது. 1915 மே 23ஆம் திகதி இத்தாலி ஒஸ்திரியா மீது போர் அறிவித்தது. அவர் பிறந்த நாடு இப்போது எதிரி நாடாகிவிட்டது. கொரிசியாவுக்குப் பக்கத்தில் ஓடும் இசொன்சோ ஆறு போர்முனையானது. 1917 வரை அந்த ஆற்றங்கரையில் பன்னிரண்டு பெரும் சண்டைகள் நடந்தன. இரு தரப்பிலும் இலட்சக்கணக்கானோர் இறந்தும் காயமுற்றும் போனார்கள். ஊர்கள் தரைமட்டமாகின.

வாழ்க்கையில் இரண்டாவது தடவையாக அவர் இடம்பெயர்ந்தார். போய்ச் சேர்ந்த இடம் பிராண்டிஸ் கோட்டை. சிறுவயதில் புளோரன்ஸிலிருந்து துரத்தப்பட்டு வந்து சேர்ந்த அதே இடம்.

அந்த 1915ஆம் ஆண்டில் பிராக் நகரில் அவருடைய ஒரு நூல் அச்சானது. ஃபிரியூலி மொழியில் மக்கள் அன்பு காட்டப் பயன்படுத்தும் சொற்களையும் செல்லப் பெயர்களையும் திரட்டிய தொகுப்பு அது. தாய் குழந்தையை அழைக்கும் சொல், காதலர்கள் ஒருவரையொருவர் அழைக்கும் சொல் என்று அந்த மக்களின் வாயில் வழங்கியவற்றைச் சேர்த்து வைத்தார். அந்த மொழி பேசும் ஊர்களின் மீது பீரங்கிகள் முழங்கிக்கொண்டிருந்த ஆண்டு அது. இரண்டு தரப்பும் அந்த மண்ணின் உயரங்களையும் பாலங்களையும் வரைபடத்தில் குறித்துக்கொண்டிருக்க, நோயுற்ற ஒரு முதியவர் அங்குள்ள தாய்மாரின் கொஞ்சு சொற்களைப் பதிந்துவைத்தார். அவருடைய ஐம்பதுக்கு மேற்பட்ட நூல்களில் மிகச் சிறியவற்றில் ஒன்றாக இருக்கலாம். ஆனால் அவரை அறிய ஒரே ஒரு நூலைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டலாம்.

1915 ஒக்டோபர் 12ஆம் திகதி பிராண்டிஸ் கோட்டையில் அவர் இறந்தார். வயது 68. அவருடைய உடல் வியன்னாவின் கப்புச்சின் தேவாலயத்துக்குக் கீழேயுள்ள ஹப்ஸ்பேர்க் கல்லறை மண்டபத்தில் இருக்கிறது. வாழ்நாள் முழுவதும் விலகி நின்ற அரச குடும்பத்தோடு சாவுக்குப் பின் சேர்ந்துகொண்டார். மிராமாரின் மண் அவருக்குக் கிடைக்கவில்லை.

மூன்று ஆண்டுகளில், 1918இல், அந்தப் பேரரசும் உடைந்து போனது.

எஞ்சியவை

மயோர்க்காவிலிருந்த சொத்துகளை அவர் தன் குடும்பத்துக்கு எழுதி வைக்கவில்லை. நீண்ட காலம் தன்னோடு இருந்த மயோர்க்காச் செயலாளர் அந்தோனி வீவெஸுக்கு எழுதி வைத்தார். காணிகள் பின்னர் பல கைகளுக்குப் பிரிந்தன. சொன் மரோய்ச் இன்று ஓர் அருங்காட்சியகம். அங்கே அவர் கட்டிய வெண்பளிங்கு மண்டபத்திலிருந்து போரதாதா பாறையைப் பார்க்கலாம். சொன் மொராகெஸ் பொதுச் சொத்தாகியிருக்கிறது. கத்தலீனா ஓமார் நிருவகித்த எஸ்தாக்கா வளவை ஹொலிவூட் நடிகர் மைக்கேல் டக்ளஸ் வாங்கினார். 2011இல் ட்ராமுந்தானா மலைத்தொடர் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கல் அடுக்கிக் கட்டிய படிக்கட்டு வயல்களும் ஒலிவ் மரங்களும் நீர்ப்பாசன வாய்க்கால்களுமாக, பல நூற்றாண்டுகள் மனிதர்கள் உழைத்து உருவாக்கிய நிலம் என்பதே அதற்குரிய காரணம். அந்த உழைப்பை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதியவர் லுட்விக்.

அவருக்குப் பணம் இருந்தது, படகு இருந்தது, அச்சுக்கூடங்கள் அவருடைய ஒரு சொல்லுக்குக் காத்திருந்தன. ஊரை இழக்கும் சாதாரண மனிதருக்கு இவை எதுவும் கிடைப்பதில்லை. ஆனால் அவர் செய்த வேலையின் அடிப்படைக்கு இவை எதுவும் தேவைப்படவில்லை. ஒரு கொப்பி, ஒரு பேனை, இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கேட்கும் பொறுமை. அவருடைய ஏழு தொகுதிகளும் அந்தக் கேள்வியில்தான் தொடங்கின. பதில் சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே அவர் கேட்டார்.